குடியாத்தத்துத் தமிழாசிரியரின் 612 பாடல்கள்: ஒரு வடிவமாற்றத்தின் நிகழ்வு ஆய்வு

2023ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், குடியாத்தம் நெல்லூர்ப்பேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், வேலூர் வேலப்பாடியில் உள்ள எங்கள் ஒலிப்பதிவுக் கடைக்கு ஒரு பென் டிரைவையும், அதைச் செருகிப் பாட்டுக் கேட்கும் சிறிய ஒலிபெருக்கிப் பெட்டியையும் துணிப்பையில் வைத்து எடுத்துவந்தார். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் பணியில் சேர்ந்து, பேரணாம்பட்டிலும் மேல்பட்டியிலும் பாடம் நடத்தியவர். அப்போது அவருக்கு வயது 68. விடியற்காலையில் தேவாரம், செவ்வாய்க்கிழமையில் திருப்புகழ், வெள்ளியன்று அம்மன் பாட்டு, பிரதோஷத்தன்று சிவன் பாட்டு என்று கிழமைக்கும் திதிக்கும் ஏற்பக் கேட்பது அவருடைய வழக்கம். பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு அவர் சொன்னதை அன்றே குறித்துவைத்தேன்: “தம்பி, பாட்டு எல்லாம் இருக்குது. ஆனா தண்ணிக்குள்ள இருந்து பாடுற மாதிரி கேக்குது. ஜால்ரா சத்தம் ஜால்ராவா இல்லை, தவிடு சலிக்கிற மாதிரி இருக்குது. எனக்குக் காது போயிடுச்சா, இல்லை பாட்டு போயிடுச்சான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்.”

அந்தக் கேள்விக்கு முழு விடை கிடைக்க ஏழு வாரம் ஆயிற்று. காது போகவில்லை, பாட்டுத்தான் போயிருந்தது. அதுவும் இரண்டு தடவையாக, உதவி செய்வதாக நினைத்தவர்களின் கையாலேயே போயிருந்தது. பணம் கொடுத்து முறைப்படி வாங்கிய இசைக் கோப்புகளை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது எது கெடுகிறது, எதைத் திரும்பப் பெறலாம், எதைப் பெறவே முடியாது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறொரு வேலை எங்கள் கடைக்கு வந்ததில்லை. ஆகவே ஆசிரியரின் ஒப்புதலோடு, பெயர்களைத் தவிர்த்து, நடந்ததை எழுதுகிறேன்.

கோப்புகள் வந்த வழி

பாடல்களை வாங்கியவர் அவருடைய மகன். 2007, 2008ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் வேலை பார்த்தபோது ஐடியூன்ஸ் கடையில் 31 பாடல்களை வாங்கி, அம்மாவுக்கென்று ஒரு ஹார்டு டிஸ்கில் போட்டு அனுப்பினார். 2003 ஏப்ரலில் திறக்கப்பட்ட அந்தக் கடை, தொடக்க ஆண்டுகளில் பாடல்களை நொடிக்கு 128 கிலோபிட் வீதத்தில், ஏஏசி என்னும் சுருக்க வடிவத்தில், ஃபேர்பிளே என்னும் பூட்டுடன் விற்றது. கோப்பின் பெயர் எம்4பி என்று முடியும். வாங்கியவர் தம் கணக்கில் அனுமதித்த 5 கணினிகளுக்கு மேல் திறக்காது. 2007 மே மாத இறுதியில் இஎம்ஐ நிறுவனத்தின் பாடல்களில் தொடங்கி, 2009இல் கடை முழுவதும் அந்தப் பூட்டு நீங்கி, 256 கிலோபிட் தரத்தில் கோப்புகள் கிடைத்தன. மகன் ஊர் திரும்பி ஓசூரில் வேலையில் சேர்ந்த பிறகு, 2013 முதல் 2019 வரை, வேறோர் இணையக் கடையில் 489 பாடல்களை எம்4ஏ என்று முடியும், பூட்டில்லாத ஏஏசி கோப்புகளாகவும், சுருக்கத்தில் ஒலி இழக்காத ஃபிளாக் கோப்புகளை மட்டுமே விற்ற ஒரு சிறிய தளத்தில் 92 பாடல்களையும் வாங்கி, அதே டிஸ்கில் சேர்த்தார். ஆக மொத்தம் 612.

ஆசிரியரிடம் இருந்த பெட்டி இவற்றில் எதையும் பாடாது. எம்பி3 மட்டுமே பாடும். மலிவான பெட்டிகள் பலவும் அப்படித்தான் இருக்கின்றன, அதற்குக் காரணமும் உண்டு. 1993இல் தரப்படுத்தப்பட்ட எம்பி3 வடிவத்துக்கான காப்புரிமை உரிமத் திட்டம் 2017 ஏப்ரலில் முடிவுக்கு வந்துவிட்டது. 1997இல் வந்த ஏஏசிக்கோ கருவி செய்கிறவர் இன்றும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கிறது. கைப்பேசியில் கேட்கலாமே என்று மகன் சொல்லியிருக்கிறார். பாட்டின் நடுவே அழைப்பு வந்து பதிகம் அறுபடுவதை ஆசிரியர் விரும்பவில்லை. அந்த விருப்பம் எனக்கு நியாயமாகவே பட்டது; கேட்பவர் கருவிக்காகத் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை.

எனவே 2021இல் அவர் அந்த ஹார்டு டிஸ்கை ஒரு கடையில் கொடுத்து, பெட்டியில் பாடும்படி மாற்றித் தரக் கேட்டிருக்கிறார். அங்கே 581 கோப்புகளை 128 கிலோபிட் எம்பி3ஆக மாற்றி, 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றித் தந்தார்கள். பூட்டிய 31 கோப்புகள் திறக்காததால் அவற்றை விட்டுவிட்டார்கள். விட்டுவிட்டதைச் சொல்லவும் இல்லை. பாடல்களின் பெயர்கள் பெரும்பாலும் வெறும் எண்களாகிவிட்டன. இவற்றையெல்லாம்விடப் பெரிய இழப்பு, டிஸ்கில் பிழை காட்டுகிறது என்று சொல்லி அதை ஃபார்மேட் செய்து திருப்பிக் கொடுத்ததுதான். மறு ஆண்டு, பாட்டுத் தெளிவாக இல்லை என்று ஆசிரியர் வருந்தியதைக் கேட்ட உறவுக்காரப் பையன் ஒருவன், 320 என்று போட்டால் தரம் கூடும் என்று நம்பி, 128 கிலோபிட் கோப்புகளையே கைப்பேசிச் செயலி ஒன்றின் வழியாக 320 கிலோபிட் எம்பி3ஆக மாற்றி, ஒலி அளவையும் உயர்த்தி, 16 ஜிபி பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். எங்களிடம் வந்தது அந்த 16 ஜிபி பென் டிரைவ். பாட்டியின்மேல் உள்ள அன்பால் அவன் செய்த வேலை அது; அவனிடம் அதை விளக்கிச் சொன்னபோது அவன் முகம் வாடியதை நான் மறக்கவில்லை.

நகலும் மாற்றமும்

என் தந்தையார் 1980களில் இதே இடத்தில் ரெக்கார்டிங் சென்டர் நடத்தினார். வாடிக்கையாளர் பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுப்பார். அப்பா எல்பி தட்டிலிருந்து வெற்றுக் கேசட்டில் பதிவு செய்து தருவார். யாராவது ஒரு கேசட்டைக் கொண்டுவந்து இதிலிருந்து எடுத்துக் கொடுங்கள் என்றால், செகண்ட் காப்பி இரைச்சலாகத்தான் வரும் என்று முதலிலேயே சொல்லிவிடுவார். தட்டை யாருக்கும் இரவல் தரமாட்டார், விற்கவும் மாட்டார். கேசட் காலத்தில் ஒவ்வொரு நகலிலும் ஒலி தேயும் என்பது பாட்டுக் கேட்கிற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கணினி வந்த பிறகு, கோப்பை எத்தனை தடவை நகலெடுத்தாலும் தேயாது என்று கற்றுக்கொண்டோம். அது உண்மை. ஆனால் நகலெடுப்பது வேறு, வடிவம் மாற்றுவது வேறு என்பதை அதோடு சேர்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு எம்4ஏ கோப்பை ஆயிரம் தடவை நகலெடுத்தாலும் ஆயிரமாவது நகலில் ஒரு பிட் மாறாது. ஒரே ஒரு தடவை எம்பி3ஆக மாற்றினால், மாறியது மாறியதுதான்.

காரணம் இந்த வடிவங்கள் சுருங்கும் விதத்தில் இருக்கிறது. குறுந்தகட்டில் ஒரு நொடிக்கு ஒலியலையின் 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட்டு, இரண்டு தடங்கள் என்று நொடிக்கு 14,11,200 பிட்டுகள் இருக்கின்றன. ஐந்து நிமிடப் பாட்டு ஏறத்தாழ 53 எம்பி ஆகும். அதே பாட்டு 256 கிலோபிட் ஏஏசியில் 9.6 எம்பி, 128 கிலோபிட் எம்பி3இல் 4.8 எம்பி. ஃபிளாக் வடிவம் கணக்கு மட்டுமே செய்து சுருக்குகிறது. விரித்தால் மூலத்தின் ஒவ்வொரு பிட்டும் திரும்ப வரும். எம்பி3உம் ஏஏசியும் காதை ஏமாற்றிச் சுருக்குகின்றன. குடியாத்தத்தில் தறி ஓடும் வீட்டுக்குள் நின்று பேசியவர்களுக்கு இது புரியும்: பலகை அடிக்கும் அந்தக் கணத்தில் பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது காதில் விழாது. பெரிய ஓசை சிறிய ஓசையை மறைக்கும் அந்த இடங்களைக் கண்டுபிடித்து, மறைந்து கிடக்கும் ஓசையைத் தோராயமாகக் குறித்தால் போதும் என்று, ஒலியைச் சுருக்கும் மென்பொருளான குறியாக்கி முடிவெடுக்கிறது. தோராயத்தால் எழும் சிறு இரைச்சலும் தறியோசைக்கு அடியில் மறைந்துவிடும் என்பதே அதன் கணிப்பு.

அந்தக் கணிப்பு ஒரு தடவைக்குச் செய்யப்பட்டது. மாற்றும்போது கணினி முதலில் ஏஏசி கோப்பை விரிக்கிறது; பழைய தோராயத்தின் இரைச்சலும் அதில் இசையோடு இசையாகக் கலந்திருக்கிறது. எம்பி3 குறியாக்கி இரண்டையும் பிரித்தறியாது. அந்த இரைச்சலையும் இசை என்றே எடுத்துக்கொண்டு அதற்கும் பிட்டுகளைச் செலவிட்டு, தன் பங்குக்கு இன்னொரு தோராயத்தைச் சேர்க்கிறது. ஏஏசி 1,024 மாதிரிகளை ஒரு சட்டகமாக, அதாவது ஒருசேரக் கையாளும் ஒரு துண்டாக, கொள்கிறது, எம்பி3 1,152ஐக் கொள்கிறது. ஒன்றின் எல்லை மற்றதன் எல்லையோடு பொருந்தாததால், முதல் குறியாக்கி மறைத்துவைத்த இடம் இரண்டாவதற்கு மறைவான இடமாக இருக்க வேண்டியதில்லை. 128இலிருந்து 320க்கு ஏற்றியபோது கோப்பின் பருமன் இரண்டரை மடங்கு ஆயிற்று. போன ஒலி திரும்பவில்லை.

காதும் படமும்

முதலில் கோப்புகளை ஆடாசிட்டி மென்பொருளில் திறந்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் நிறமாலைப் படமாகப் பார்த்தோம். 320 என்று பெயர் கொண்ட கோப்புகளில் 16,000 ஹெர்ட்சுக்குச் சற்று மேலே கத்தியால் வெட்டியதுபோல் ஒலி முடிந்திருந்தது. நேரடியாக 320 கிலோபிட்டில் செய்த எம்பி3இல் அந்த வெட்டு 20,000ஐ ஒட்டி இருக்கும். ஆகவே இவை முன்பு ஒரு தடவை குறைந்த தரத்தைக் கடந்து வந்தவை என்பதில் ஐயமில்லை.

இந்த இடத்தில் பலர் தவறுகிறார்கள் என்பதால் சற்று நின்று சொல்ல வேண்டும். அந்த வெட்டு கோப்பின் வரலாற்றுக்குச் சான்று. ஆசிரியர் கேட்ட குறைக்குக் காரணம் அதுவன்று. அறுபது வயதைக் கடந்த பெரும்பாலோருக்கு 12,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலி கேட்பதே அரிது. 16,000க்கு மேல் ஒன்றும் இல்லாதது அவரைத் தொந்தரவு செய்திருக்க முடியாது. அவர் கேட்ட தவிட்டுச் சத்தம் அதற்கு மிகவும் கீழே, அவர் காதுக்கு நன்றாக எட்டும் பகுதியில் இருந்தது.

ஜால்ராவின் ஒவ்வொரு தட்டும் அமைதியிலிருந்து திடீரென்று எழும் ஓசை. எம்பி3 தன் நீண்ட சட்டகத்தில் 1,152 மாதிரிகளை, அதாவது ஏறத்தாழ 26 மில்லிநொடி ஒலியை, ஒருசேர எடுத்துத் தோராயமாக்குகிறது. தட்டு அந்தச் சட்டகத்தின் பிற்பகுதியில் விழுந்தால், அதற்கான இரைச்சல் சட்டகம் முழுவதும் பரவி, தட்டுக்கு முன்பாகவே ஒரு சீற்றலாகக் கேட்கும். இதைத் தவிர்க்கக் குறியாக்கி குறுகிய சட்டகத்துக்கு மாறும். அதற்குக் கூடுதல் பிட்டு வேண்டும். 128 கிலோபிட்டில் அது கைவசம் இராது. ஏற்கெனவே ஒரு தடவை சுருங்கிய ஒலியை மீண்டும் சுருக்கும்போது பற்றாக்குறை இன்னும் கூடுகிறது. தவில் சொற்கட்டில் குச்சி விழும் ஓசைக்கும் இதே கதிதான். ஓதுவார் குரலும் சுருதியும் மட்டும் உள்ள பதிகத்தில் இந்தக் கேடு அவ்வளவாகத் தெரியாது.

இதை எங்கள் ஊகமாக விட்டுவிட மனமில்லாமல், ஒரு சனிக்கிழமை ஆசிரியரைக் கடையில் உட்காரவைத்துச் சோதித்தோம். மகனின் பழைய கைப்பேசியில் மாறாமல் இருந்த எம்4ஏ கோப்புகளிலிருந்து இரண்டு பாடல்களை எடுத்துக்கொண்டோம்: ஒன்று ஜால்ராவும் கஞ்சிராவும் நிறைந்த கூட்டுப் பஜனை, மற்றது தனிக்குரல் தேவாரம். எது எது என்று சொல்லாமல், ஒலி அளவைச் சமப்படுத்தி, மாற்றி மாற்றிப் பாடவிட்டு, இரண்டில் எது மூலம் என்று கேட்டோம். பஜனையில் மூலத்தையும் பென் டிரைவில் இருந்த கோப்பையும் 10 தடவையில் 9 தடவை சரியாகப் பிரித்துச் சொன்னார். தேவாரத்தில் 10க்கு 6. குருட்டாம்போக்கில் சொன்னாலும் வரக்கூடிய எண் அது. பிறகு, மூலத்திலிருந்து நேரே ஒரே தடவையில் நாங்கள் செய்த 320 கிலோபிட் எம்பி3ஐ மூலத்தோடு வைத்துக் கேட்டபோது, பஜனையிலேயே 10க்கு 5தான் வந்தது. எழுந்தபோது, “அப்போ காது சரியாத்தான் இருக்குது” என்றார். எங்களுக்கும் வழி தெரிந்தது: மாற்றுவதே குற்றமில்லை, மூலத்திலிருந்து, ஒரே தடவையில், தாராளமான பிட் வீதத்தில் மாற்றினால் அவருக்குக் குறை தெரியாது. அதற்கு மூலங்கள் வேண்டும்.

மூலங்களைத் தேடியது

மகனின் மின்னஞ்சலில் 612 பாடல்களுக்கும் ரசீது இருந்தது. வாங்கிய பொருளுக்கு ரசீதை வைத்திருப்பது எவ்வளவு பயன்படும் என்று அன்று கண்டேன். பாடலின் பெயர், தொகுப்பு, பல இடங்களில் கால அளவு எல்லாம் அதில் இருந்தன. எம்4ஏ வாங்கிய கடையின் கணக்கில் நுழைந்து பார்த்தபோது 489இல் 451ஐ மீண்டும் இறக்கிக்கொள்ள முடிந்தது. 38 பாடல்கள் விற்பனைப் பட்டியலிலேயே இல்லை. உரிமையாளர்கள் மாறும்போது இப்படி நேர்வது உண்டு. அவற்றில் 14 பழைய கைப்பேசியில் கிடைத்தன. ஃபிளாக் விற்ற தளம் இப்போது இல்லை. மகன் ஓசூரில் பரணில் போட்டிருந்த மடிக்கணினியில் 92இல் 80 இருந்தன. ஃபிளாக் கோப்பின் தலைப்பிலேயே மூல ஒலியின் எம்டி5 சரிபார்ப்பு எண் பதிந்திருப்பதால், அந்த 80உம் ஒரு பிட் மாறாமல் இருக்கின்றன என்று சில நிமிடங்களில் உறுதிசெய்தோம்.

பூட்டிய 31இன் கதை வேறு. 2009இல் பழைய கோப்புகளை ஒரு பாட்டுக்கு 30 சென்ட் கட்டிப் பூட்டில்லாத 256 கிலோபிட் கோப்பாக மாற்றிக்கொள்ளும் வசதியைக் கடையே தந்தது. மகன் அப்போது 27ஐ மாற்றியிருந்தார். அம்மாவுக்கு அனுப்பிய டிஸ்கில் இருந்தவை அதற்கு முந்தைய நகல்கள் என்பது அவருக்கே நினைவில்லை. மடிக்கணினியில் அந்த 27உம் நல்ல நிலையில் இருந்தன. மீதி 4 பூட்டோடுதான் கிடந்தன. பூட்டை உடைக்கும் மென்பொருள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. எங்கள் கடையில் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய காப்பை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. தாம் வாங்கிய பாட்டைத் தாமே கேட்க விரும்பும் ஆசிரியருக்கு அந்த நோக்கம் இல்லை என்பது வெளிப்படை. ஆனால் கூலிக்கு உடைத்துத் தரும் கடையாக நாங்கள் ஆகக் கூடாது என்பது என் முடிவு. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அனுமதி பெற்ற கணினியில் அந்தப் பாடல்களை ஆடியோ குறுந்தகடாக எழுத ஐடியூன்ஸ் மென்பொருளே இடம் தருகிறது. ஒரே பட்டியலை 7 தடவை வரை எழுதலாம் என்பது அதன் விதி. ஓசூர் மடிக்கணினி அனுமதி பெற்றதாகவே இருந்தது. ஒரு தகடு எழுதி, அதை ஃபிளாக் கோப்பாகப் படித்து வைத்துக்கொண்டோம்.

கணக்கு இப்படி நின்றது: மூலமாகவே கிடைத்தவை 572, தகடு வழியாக வந்தவை 4, எங்கும் கிடைக்காதவை 36. அந்த 36க்கும் மிஞ்சியிருந்த மூத்த வடிவம் 2021இல் செய்த 128 கிலோபிட் எம்பி3. அந்த 8 ஜிபி பென் டிரைவைத் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்றே நினைத்தோம். பூசை மாடத்து இழுப்பறையில் தீப்பெட்டிகளோடு இருந்தது. அவற்றை நாங்கள் எதுவும் செய்யவில்லை. பெட்டி எம்பி3 பாடும், அவை எம்பி3, அப்படியே நகலெடுத்துவிட்டோம். மாற்றாமல் விடுவதும் இந்த வேலையில் ஒரு முடிவுதான்.

மாற்றிய முறையும் பெட்டியின் குணமும்

576 கோப்புகளையும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில், லேம் என்னும் எம்பி3 குறியாக்கி கொண்டு, நிலையான 320 கிலோபிட்டில் மாற்றினோம். ஏஏசி கோப்பை விரிக்கும்போது ஒலியின் உச்சி சில இடங்களில் எல்லையைத் தாண்டும். இடையில் 16 பிட் வேவ் கோப்பாக எழுதினால் அந்த உச்சிகள் தட்டையாக நறுக்கப்படும். நேரே மாற்றினால் கணக்கு முழுவதும் எல்லை தாண்டிய உச்சியையும் தாங்கும் மிதவைப் புள்ளி எண்களிலேயே நடப்பதால் நறுக்கல் நேராது. பாடல்களுக்கிடையே ஒலி ஏற்ற இறக்கம் இருந்தது. கைப்பேசிச் செயலி செய்ததுபோல் ஒலியலையையே பெருக்காமல், எம்பி3கெயின் என்னும் மென்பொருள் கொண்டு கோப்பில் உள்ள அளவுக் குறியீட்டை மட்டும் 1.5 டெசிபல் படிகளில் திருத்தினோம். வேண்டும்போது அதைப் பழையபடி திருப்பிக்கொள்ளலாம்.

ஆசிரியர் சொன்ன இன்னொரு குறை, ராகம், தானம், பல்லவியில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடத்தில் தம்புரா அறுபடுகிறது என்பது. கச்சேரிப் பதிவுகளைக் கடைகள் தனித்தனிக் கோப்பாக வெட்டி விற்கின்றன. ஏஏசி கோப்பின் தொடக்கத்தில் வழக்கமாக 2,112 மாதிரிகள், அதாவது 48 மில்லிநொடி அளவுக்கு, குறியாக்கத்துக்கான வெற்றொலி இருக்கும். நல்ல கருவி அதைத் தள்ளிவிட்டுப் பாடும். எம்பி3க்கும் இப்படி முன்னும் பின்னும் உண்டு; எவ்வளவு என்பதை லேம் தன் தலைப்பில் எழுதிவைக்கும்; இந்தப் பெட்டி அதைப் படிப்பதில்லை. எனவே ஒரே இசைத்தொடராக உள்ள கோப்புகளை விரித்து, வெற்றொலியை நீக்கி, ஒன்றாக ஒட்டிய பிறகே குறியாக்கினோம். நாதஸ்வரக் கச்சேரி ஒன்றில் ராகமும் கீர்த்தனையும் இப்போது ஒரே கோப்பாக 41 நிமிடம் ஓடுகின்றன.

எங்கள் முதல் முயற்சி தோற்றது. பாட்டைத் தொடங்க ஒவ்வொரு தடவையும் பெட்டி நாலைந்து நொடி திணறியது. சில பாடல்களைத் தாண்டிக்கொண்டு போனது. காரணம் கோப்புக்குள் இருந்த பெரிய அட்டைப்படம். எம்பி3இல் அது பாட்டுக்கு முன்னால் நிற்கும் ஐடி3 குறிப்பில் இருப்பதால், பெட்டி அதைக் கடந்து போக வேண்டியிருந்தது. படங்களை நீக்கி, பெயர்க் குறிப்புகளை எல்லாக் கருவிகளும் பெரும்பாலும் படிக்கும் ஐடி3 2.3 பதிப்பில் தமிழிலேயே எழுதினோம். பெட்டிக்குத் திரை கிடையாது என்றாலும், நாளை வேறு கருவி வந்தால் பெயர் தமிழில் தெரியட்டும் என்று ஆசிரியர் விரும்பினார்.

வரிசையும் ஒரு சிக்கலாக இருந்தது. இத்தகைய பெட்டிகள் பெயர் வரிசையில் பாடுவதில்லை; பென் டிரைவின் கோப்பு முறையான ஃபேட்32இன் பட்டியலில் கோப்புகள் எந்த வரிசையில் எழுதப்பட்டனவோ அந்த வரிசையில் பாடுகின்றன. ஆகவே ஃபேட்32இல் புதிதாக ஃபார்மேட் செய்த பென் டிரைவில், கிழமைக்கு ஒன்றாக ஏழு அடைவுகளையும் (ஃபோல்டர்), பிரதோஷத்துக்கும் மார்கழிக்கும் தனி அடைவுகளையும் உருவாக்கி, கோப்புகளை ஒவ்வொன்றாக வரிசைப்படி எழுதினோம். பெயரிழந்த 36 பாடல்களை அடையாளம் காண ரசீதில் உள்ள கால அளவு பாதி உதவியது; மீதியை ஆசிரியரே இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து, முதலடியையும் பண்ணையும் சொல்லி எழுதவைத்தார். எந்த மென்பொருளாலும் ஆகாத வேலை அது.

கோயில் கேட்ட நகல்

வேலை முடியும் தறுவாயில் ஆடி பிறந்தது. அவர் தெருவில் உள்ள அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் நாளுக்கு, அம்மன் பாட்டு அடைவை மட்டும் நகலெடுத்துத் தர முடியுமா என்று நிர்வாகிகள் கேட்டிருக்கிறார்கள். ஆசிரியர் என்னிடம் யோசனை கேட்டார். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதலையும், உண்மையான சமயச் சடங்கின்போது ஒலிப்பதிவைப் பொதுவில் ஒலிக்கவிடுவதையும் மீறலாகக் கருதுவதில்லை. அவர் தம் பென் டிரைவைக் கொண்டுபோய் விழாவில் பாடவிட்டுத் திரும்ப எடுத்துவருவதை அந்த விலக்கு தாங்கும். வாங்காதவர் கையில் நிரந்தரமாக ஒரு நகல் கொடுப்பதை அது தாங்காது. அப்படியே சொன்னேன், நகல் எடுத்துத் தரவில்லை. மேலும், கடையில் வாங்கிய எம்4ஏ கோப்புகள் பலவற்றின் உள்ளே வாங்கியவரின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் பதிந்திருக்கும். மூலக் கோப்பு கைமாறினால் அதுவும் சேர்ந்து கைமாறும். எங்கள் கணினியில் இருந்த நகல்களையும் வேலை முடிந்த 30ஆம் நாள் அழித்துவிட்டோம்.

மூலங்கள் இப்போது இரண்டு ஹார்டு டிஸ்குகளில் இருக்கின்றன; ஒன்று குடியாத்தத்தில், மற்றது ஓசூரில். ஒவ்வொரு கோப்பின் சரிபார்ப்பு எண்ணும் கொண்ட பட்டியல் இரண்டிலும் உண்டு. பெட்டி மாறினாலும், எம்பி3 வழக்கொழிந்தாலும், அந்த டிஸ்கிலிருந்துதான் மாற்ற வேண்டும், பென் டிரைவிலிருந்து அல்ல என்று ஒரு தாளில் தமிழில் எழுதி டிஸ்கின் உறைக்குள் வைத்திருக்கிறோம். உறவுக்காரப் பையன்தான் அதைத் தன் கையால் எழுதினான்.

36 பாடல்களின் பெயர்களை ஆசிரியர் நோட்டில் தனியாக எழுதி வைத்திருக்கிறார். மகன் அவ்வப்போது கடைகளில் தேடுகிறார். சென்ற தையில் அவற்றுள் இரண்டு மீண்டும் விற்பனைக்கு வந்திருந்தன; வாங்கி, டிஸ்கில் சேர்த்து, செவ்வாய்க்கிழமை அடைவில் பழைய கோப்பின் இடத்தில் ஏற்றிக் கொடுத்தோம். நோட்டில் அந்த இரண்டு பெயர்களையும் சிவப்பு மையால் அடித்திருக்கிறார், 34 இருக்கின்றன.